டிரைவர் வீட்டுப் பேட்டரிப் பெட்டி

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மருமகள். போன மழைக்காலத்தில், காயாத துணியை விசிறிக்கு அடியில் விரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் நடந்த சங்கதி. அன்று சாயங்காலம் கண்ணை மூடிக் கும்பிட உட்கார்ந்தேன், சிரிப்பு அடங்கவே இல்லை. கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும்தானே மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஓட்டுநர் இருக்கையில் இன்னொருவன் உட்காரக்கூடாது. வேலையில் இருந்த காலமெல்லாம் அப்படித்தான். மெக்கானிக் உட்கார்ந்தால்கூட இவர் பக்கத்திலேயே நின்று முறைப்பார். வண்டி போய்விட்டது, கொள்கை போகவில்லை. வீட்டில் ரேடியோவைத் திருகுவது அவர், சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் அவர்.

அவர் மனைவிக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு விதவை அம்மா சிற்றுண்டி வண்டி நடத்துகிறாள். துணைக்கு ஆள் வேண்டும் என்று இவளைக் கூப்பிட்டாள். பிள்ளைகளெல்லாம் பறந்துவிட்ட வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்த அழைப்பு கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. மாதப் பிறப்புக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்னங்க, நான் போகட்டுமா?"

"தாராளமா போ. ஆனா சோறு யாரு பொங்குறது?"

அவ்வளவுதான். கதவு மூடிவிட்டது. அவள் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "நீயே ஒரு வழி காட்டு" என்றாள்.

வழி ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. அந்தத் தெருவில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால், வெளியூரில் இருக்கும் மகன் ஒரு பேட்டரிப் பெட்டி அனுப்பியிருந்தான். கைப்பிடி வைத்த, ஒரு சின்ன சூட்கேஸ் அளவு. கூடவே வந்த சூரியத் தகட்டை வெயிலில் விரித்தால் சார்ஜ் ஏறும். குக்கர், கெட்டில், முட்டை வேகவைக்கிற கருவி, எதை வேண்டுமானாலும் சொருகலாம். ஆனால் ஒரு நேரத்தில் அறுநூறு வாட்டுக்கு மேல் தாங்காது.

ஓட்டுநர் பெட்டியைத் துடைத்து, தட்டிப் பார்த்து, அறிவித்தார்: "இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல தீப்பெட்டிக்கே வேலை இல்ல!"

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து 'பீப் பீப்' என்று ஒரு அலறல். தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். குக்கரும் கெட்டிலும் ஒன்றாகச் சொருகப்பட்டு, பெட்டி இருண்டு கிடந்தது.

"ஏய், என்ன பண்ணின?"

"சோறும் வெந்நீரும் ஒண்ணா ஆகட்டும்னு போட்டேங்க."

"பஸ்ஸுல எத்தனை பேரை ஏத்தணும்னு ஒரு கணக்கு இல்ல? ஒருத்தன் இறங்கின பிறகுதான் அடுத்தவனை ஏத்தணும்!"

"அப்படியா! எனக்கு எங்கங்க இதெல்லாம் புரியும்?"

அடுத்த நாள் குக்கரோடு இஸ்திரிப்பெட்டி. அதற்கடுத்த நாள் ஈரத்தலையோடு முடி காயவைக்கும் கருவி. அதை அவள் எங்கேயிருந்து வாங்கினாள் என்கிறீர்கள்? என் மருமகளிடமிருந்துதான். இரவல்.

பெட்டி அலறியது. அதைவிடச் சத்தமாக அவர் அலறினார்.

"இனிமே நீ இதுல கையே வைக்கக் கூடாது!"

"அய்யோ, அப்ப சமையல்?"

"நான் பாத்துக்கிறேன்!"

"வேணாங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்? இன்னும் ஒரு தடவை நானே..."

"தொடாதேன்னா தொடாதே! வண்டிக்கு ஒரு டிரைவர்தான்!"

"சரிங்க. அப்ப நான் வீட்டுல என்ன செய்யறது? சும்மா இருந்தா கை தானா அந்த சுவிட்சுக்குப் போகுதுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். பயந்துவிட்டார்.

"நீ பேசாம அந்த ஆஸ்பத்திரி வண்டி வேலைக்குப் போயிடு. பெட்டியாவது பிழைக்கட்டும்."

அன்றே அவள் பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

முதல் சில நாள் சோறு அரிசியாகவே இருந்தது. பருப்பு, கல்லா பருப்பா என்று பல்தான் சொல்ல வேண்டும். அவள் மூச்சு விடாமல் சாப்பிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெயில் நகர நகரத் தகட்டை நகர்த்தினார். சோறு கொதித்ததும் நிறுத்தி, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்தால் தானாக வெந்துவிடும், சார்ஜும் மிஞ்சும் என்று கண்டுபிடித்தார். கம்பளியைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமாம், தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி. சமையலும் ருசிக்க ஆரம்பித்தது.

அந்தப் பெருமையில் ஒரு நாள் டப்பாவில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு, மனைவிக்குச் சுடச்சுடக் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விட்டார்.

போனவர் அப்படியே நின்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நெருப்பு மூட்டக் கூடாதாம். அதனால் அந்த வண்டியிலும் ஒரு பேட்டரிப் பெட்டி. அவர் வீட்டுப் பெட்டிக்கு உடன்பிறப்பு. அதன் முன்னால் அவர் மனைவி. முட்டையை நிறுத்தி ரொட்டியைப் போட்டாள். ரொட்டியை எடுத்துக் கெட்டிலைத் தட்டினாள். பெட்டியில் எண் ஏறுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சில்லறையும் கொடுத்தாள். ஒரு 'பீப்' இல்லை.

"இந்தாம்மா! உனக்கு இதை ஓட்டத் தெரியுமா?"

"வாங்க வாங்க. வெயில்ல ஏங்க வந்தீங்க?"

"வீட்டுல மட்டும் அந்தக் கத்து கத்துச்சே!"

"வீட்டுல டிரைவர் நீங்கதானேங்க. நான் எப்படி ஓட்டுறது?"

அவருக்கு மீசை துடித்தது. அதற்குள் வண்டிக்காரம்மா டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"அடடா! யாரு சமைச்சது?"

மீசை நின்றது. "நான்தாம்மா."

"நிஜமாவா அண்ணே? எங்க வீட்டுல எனக்கு இப்படி ஒருத்தரும் பொங்கிப் போட்டதில்ல."

மனுஷன் நெஞ்சு ஒரு முழம் விரிந்தது. "இது என்னம்மா பிரமாதம்! நாளையிலேர்ந்து உங்களுக்கும் சேர்த்தே கொண்டாரேன்!"

அவர் மனைவி கெட்டிலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கு ரத்தக்கொதிப்புங்க. நாளைக்கு உப்பைக் கொஞ்சம் குறைச்சே போட்டுடுங்க."

நீங்கள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனால், டப்பாவோடு ஒருவர் வருவார். "சமையல் நல்லா இருக்காமே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுநாளிலிருந்து உங்களுக்கும் ஒரு டப்பா வரும்.