நாலாவது சிலிண்டரின் தூக்கம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடுவது என்று திங்கட்கிழமையே முடிவு செய்துவிட்டேன். சும்மா கண்ணை மூடிக் கிடப்பதில்லை. கதவைச் சாத்தி, போர்வையை இழுத்துப் போர்த்தி, பதினொரு மணி வரைக்கும் அசல் தூக்கம்.

எனக்கு ஞாயிறு இல்லாமல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் நான் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாளும் தகரத்தைத் தட்டுகிற சத்தம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏழாவது நாள் காலை ஏழு மணிக்கு என் மனைவி பரிமளா வந்து தட்டுவாள். "ஏனுங்க, எந்திரிங்க. வேலூரு போகோணும்."

வேலூர் என்றால் பரமத்தி வேலூர், அவள் பிறந்த ஊர். மாமனார் செங்கோடனுக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். ஞாயிறுதோறும் இலை கிள்ளுவார்கள். கல்யாணமான புதிதில், சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சத்தில், கிள்ளிப் போட்ட இலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டிக் கொடுத்தேன். மாமனார் ஒரு கவுளியைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். சரியாக நூறு. மாப்பிள்ளை கைபட்டால் ஒரு இலை கூடாது, ஒரு இலை குறையாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்தப் பாராட்டைக் கேட்டுச் சாக்கில் உட்கார்ந்தவன்தான். இன்னும் எழுந்திருக்க விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கள் பழைய காரை ஸ்டார்ட் செய்தேன். தடதடவென்று உதறியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டி வைத்த பிள்ளையார் துள்ளினார். வாசல் தெளிக்க வாளியோடு வந்த பரிமளா அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, வண்டி எதுக்கு இப்பிடி உதறுது? இதுல எப்பிடிங்க வேலூரு போறது?"

அவள் கவலைப்பட்டுத்தான் கேட்டாள். எனக்கு அது தாலாட்டாக விழுந்தது.

பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாமனார் ஒப்புக்கொள்ள மாட்டார். மாப்பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதே மாப்பிள்ளை நாளெல்லாம் சாக்கில் உட்கார்ந்து இலை எண்ணலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. நான் இல்லாமல் பரிமளாவும் போக மாட்டாள். தனியாகப் போய் இறங்கினால் வீட்டில் சண்டையா என்று கொடிக்காலே கேட்கும். ஆகவே கார் இல்லையென்றால் வேலூர் இல்லை. வேலூர் இல்லையென்றால் தூக்கம்.

எனக்குப் பாடி தெரியும், இஞ்சின் தெரியாது. மெக்கானிக் ஷாஹுல் பாயிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் வண்டியை ஆற விட்டு, மூடியைத் திறந்து, மறுபடியும் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க. நாலு சிலிண்டர்ல மூணு வேலை செய்யுது, நாலாவது தூங்குது. பிளக் பழசு. வண்டி ஆறிக் கெடக்கறப்ப பொறி சரியா உழுவறதில்ல. பத்து செகண்டு. சூடு ஏறுனா அவனும் எந்திரிச்சுக்குவான், உதறல் அடங்கிரும்."

எனக்கு அந்த நாலாவது சிலிண்டர் மேல் பொறாமையாக இருந்தது. மற்ற மூன்று பேர் இழுக்கிறார்கள், இவன் பத்து செகண்டு கூடுதலாகத் தூங்குகிறான். யாரும் தட்டி எழுப்பவில்லை. கொடுத்து வைத்தவன்.

பிளக்கை மாற்றப் பத்து நிமிஷம் போதும் என்று பாய் ஸ்பேனரை எடுத்தார். ஞாயிறு கழியட்டும் என்று தடுத்தேன். உதறலை நிறுத்தச் சொல்லி வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். காப்பாற்றச் சொல்லி வந்தவன் நான் ஒருவன்தான். விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"நானாப் போயிச் சொல்ல மாட்டேனுங்க" என்றார்.

அந்த 'நானா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, பட்டறையில் காதில் விழுந்த பெயர்களையெல்லாம் கோத்து ஒரு நோயைத் தயாரித்தேன். மவுண்டிங் போய்விட்டது, கிராங்க் ஆடுகிறது, பரமத்தியைத் தாண்டுவதற்குள் இஞ்சின் கழன்று ரோட்டில் விழுந்துவிடும், சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும்.

பரிமளா பொறுமையாகக் கேட்டாள்.

"ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் உதறுமுங்களா, எப்பவுமே உதறுமுங்களா?"

"எப்பவுமே" என்றேன். வியாதி என்று சொன்ன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்.

"அப்பிடீங்களா" என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பார்க்கப் போனாள். கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் சத்தத்தில் தூளி கட்டித் தூங்கி வளர்ந்தவள் அவள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

நான் பட்டறைக்கு மொபெட்டில்தான் போவேன். இருந்தாலும், பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்லித் தினமும் காலையில் காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து காட்டினேன். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது காரின் உதறல் போதாது என்று பட்டது. நானும் கொஞ்சம் சேர்த்து உதறினேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, தோளை ஆட்டி, கன்னத்தைத் தளர்த்தி, கண்ணை மூடி. ஆறு நாள் வேலை பார்த்து அலுத்த உடம்புக்கு இது ஏழாவது வேலை. வெள்ளிக்கிழமை கழுத்து பிடித்துக்கொண்டது. தூங்குவதற்கு இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கே அழுகை வந்தது. பரிமளா தினமும் வாளியோடு நின்று காரை ஒரு தரம், என்னை ஒரு தரம், கையிலிருந்த செல்போனில் மணியை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போவாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏழு மணிக்குத் தட்டினாள்.

"கார்தான் ஓடாதே" என்றேன் போர்வைக்குள்ளிருந்து.

தனக்குத் தெரியும், அப்பாதான் நம்ப மாட்டேன் என்கிறார் என்றாள். தம்பி கதிர்வேல் வேலூரிலிருந்து வீடியோ காலில் இருக்கிறானாம். ஒரே ஒரு தரம் ஸ்டார்ட் செய்து உதறலைக் காட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாமாம். தலையணைச் சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடலாம்.

லுங்கியோடு போய் உட்கார்ந்தேன். பரிமளா போனை என் பக்கம் நீட்டினாள். அதில் கதிர்வேலின் முகம், அவன் தோளுக்கு மேல் மாமனாரின் மீசை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கண்ணை மூடி, சாவியைத் திருப்பி உதற ஆரம்பித்தேன். பதினோரு வருஷ ஞாயிறுகளையும் நினைத்துக்கொண்டு உதறினேன். பல்லெல்லாம் கிட்டியது. இரண்டு நிமிஷம் கழித்து, போதும் என்று ஒரு கண்ணைத் திறந்தேன்.

பிள்ளையார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, காச்சலுங்களா?" என்றது போன்.

இஞ்சின் ஓடவே இல்லையோ என்று மறுபடியும் சாவியில் கை வைத்தேன்.

"வண்டி ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்குது" என்றாள் பரிமளா. "நேத்து நீங்க பட்டறைக்குப் போனப்பறம் ஷாஹுல் அண்ணன் வந்து பிளக்கை மாத்திட்டுப் போயிட்டாருங்க."

"பாய் சொல்லிட்டாரா?"

"அவரா ஒண்ணுஞ் சொல்லலீங்க. நாந்தான் போன் போட்டுக் கேட்டேன்." போனை அணைத்து இடுப்பில் செருகினாள். "வண்டி பத்து செகண்டுல அடங்கிருது. நீங்க ரெண்டு நிமிசம் உதறறீங்க. செவ்வாக்கெழமையே தெரிஞ்சு போச்சுங்க."

செவ்வாய்க்கிழமையே தெரிந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, கழுத்தாவது தப்பித்திருக்கும் என்றேன்.

"வாரமெல்லாம் அந்தச் சத்தத்துல கெடக்கறீங்க. காத்தால சித்தெ நேரம் வெளையாடறீங்கன்னு உட்டுட்டேனுங்க" என்றாள். அவள் அதைப் பரிவாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வேலூர் போகிற வழியெல்லாம் கார் வழுக்கிக்கொண்டு போனது. நாலாவது சிலிண்டரையும் எழுப்பிவிட்டார்கள்.

மாமனார் கொடிக்கால் வரப்பிலேயே நின்றிருந்தார். என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். போனில் பார்த்த உதறல் அவருக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது. இந்தக் கையால் தொட்டால் தளிர் இலையெல்லாம் கிழிந்துபோகும், மாப்பிள்ளை இனிமேல் கவுளி கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கண் கலங்கியது. பட்ட பாடு வீண்போகவில்லை. தூரத்தில் வேப்பமரம், அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டில். யாரும் மனசு மாறுவதற்குள் அதை நோக்கி நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் பேச்சுக் கேட்டது.

கரண்ட் இல்லையாம். தண்ணீர் பாய்ச்ச ஆயில் இஞ்சினைத்தான் ஓட்ட வேண்டுமாம். அதன் அடி போல்ட் தேய்ந்துபோய், ஸ்டார்ட் செய்தால் ஏற்றி வைத்திருக்கிற தள்ளுவண்டியோடு குதித்துக் குதித்து வாய்க்காலுக்குப் போய்விடுகிறதாம். வண்டிச் சட்டத்தின் மேல் கனமாக ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் நிற்குமாம். ஆளுக்கு எங்கே போவது என்று மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரை உக்கார வெய்ங்கப்பா" என்றாள் பரிமளா. "உதறல் அவருக்குப் பழகிருச்சு."

உட்கார்ந்தேன். கதிர்வேல் கைப்பிடியைச் சுழற்றினான். வேப்பமரம், கட்டில், மாமனார் மீசை எல்லாம் என் கண் முன்னால் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இது எத்தனை செகண்டில் அடங்கும் என்று பல் தந்தியடிக்கக் கத்திக் கேட்டேன்.

"பொழுது உழுவறதுக்குள்ள தண்ணி பாஞ்சு முடிஞ்சிருமுங்க மாமா" என்றான்.