சி.எல். அக்காவின் பன்னிரண்டு நாட்கள்

இந்தியாவில் இதுவரை எழுதப்பட்ட விடுப்பு விண்ணப்பங்களில் உண்மையான காரணம் சொன்னவற்றை மட்டும் யாராவது பிரித்தெடுத்தால், அத்தனையும் சங்கரன்கோவிலில், ஒரே கையெழுத்தில், நீல மையில் இருக்கும். அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் எங்கள் சி.எல். அக்கா.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வாசலில் டீ கொண்டுவருபவர் முதல் எங்கள் அதிகாரி வரை எல்லாருக்கும் அவர் சி.எல். அக்காதான். சி.எல். என்றால் தற்செயல் விடுப்பு. அரசு ஊழியருக்கு வருடத்தில் பன்னிரண்டு நாள். அதை எடுப்பதற்குத் தமிழ்நாட்டில் காலங்காலமாக ஒரே காரணம்தான் எழுதப்படுகிறது: 'தவிர்க்க இயலாத சொந்த வேலை.' கொஞ்சம் கற்பனை உள்ளவர்கள் காய்ச்சல் என்று எழுதுவார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தலைவலி என்று எழுதிவிட்டு வயிற்றுப்போக்குக்கான மருந்துச் சீட்டை இணைத்துக் கொடுத்தார். அதுவும் அனுமதிக்கப்பட்டது.

அக்கா அப்படியில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே, மாதத்துக்கு ஒன்றாக, அந்த வருடத்துக்கான பன்னிரண்டு விண்ணப்பங்களையும் எழுதி, குண்டூசி குத்தி, அதிகாரி மேசையில் வைத்துவிடுவார். ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். அதை 'இந்த வருசத்து ஆசை' என்பார்.

நான் அங்கே மாற்றலாகிப் போன வருடம், அதிகாரியும் புதிது. வேலூர்ப் பக்கத்துக்காரர். கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். நான் ஒரு கோப்போடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா இது? பிப்ரவரியில, 'கிணற்றில் நீச்சல் பழக'ன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். வெயில் ஏறிட்டுன்னா தண்ணி கீழ போயிரும். அதான் பிப்ரவரி."

"அதைக் கேக்கல. சொந்த வேலைன்னு எழுதிட்டுப் போங்களேன்."

"வேல இல்லாம இருக்கத்தான சார் லீவு? அதுலயும் வேலன்னு எழுதச் சொல்லுதிய."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வந்து இதைப் பார்த்துக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"நீச்சல் வந்துட்டுன்னு சொல்லுங்க சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். வேறு என்ன செய்வார்?

நீச்சல் கதையை அக்கா சொல்லித்தான் நீங்கள் கேட்டிருக்கவேண்டும். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு நல்ல கிணறு இருப்பதாக யாரோ சொல்ல, முதுகில் கட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கேனும், மாற்றுத் துணியுமாக பஸ் ஏறிப் போயிருக்கிறார். வரப்பில் நின்ற தோட்டக்காரர் கேட்டிருக்கிறார், "யாரும்மா நீங்க?" அக்காவுக்குப் பொய் வராது. "கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்து வாரேன், அண்ணாச்சி. கெணத்தப் பாக்கணும்."

அவ்வளவுதான். தோட்டக்காரர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப் பட்டா, மின் இணைப்புச் சீட்டு, அவருடைய அப்பா காலத்துக் கிரயப் பத்திரம் என்று ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து வரப்பில் பரப்பிவிட்டார். "மோட்டார் நம்ம பேர்லதாம்மா இருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பொறாமையில எழுதிப் போட்டிருப்பான்."

"நானும் எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிச்சுப் பாத்தேன் தம்பி" என்றார் அக்கா. "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருக்கு அண்ணாச்சி, இப்ப நான் குளிக்கலாமான்னு கேட்டேன்."

கடைசியில் தோட்டக்காரரின் மனைவிதான் அக்காவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மேலே நின்று பிடித்துக்கொண்டு நீச்சல் சொல்லிக் கொடுத்தாராம். சாயங்காலம் கத்தரிக்காய் வேறு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஆளுக்கு நான்கு கத்தரிக்காய்.

எல்லா ஆசையும் கைகூடும் என்று சொல்லமுடியாது. 'விசில் அடிக்கக் கற்றுக்கொள்ள' என்று ஒரு நாள் எடுத்தார். மறுநாள் உதடு வீங்கி வந்தார். "வந்துச்சாக்கா?" என்று கேட்டோம். "காலையில இருந்து வீட்டுல விசில் சத்தம் கேட்டுது. எல்லாம் குக்கர் அடிச்சது" என்றார். அந்த ஆசை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கடுத்த வருடத்துக்கும்.

இன்னொரு மாதம், 'ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருக்க.' எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அக்காவாவது, பேசாமலாவது! மறுநாள் அவர் வந்து உட்காருவதற்குள் சூழ்ந்துகொண்டோம்.

"செஞ்சு பாத்தேன்" என்றார், பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டே. "ஒண்ணும் கஷ்டமே இல்ல. லீவு நாளு எப்பவும் இருக்கிறதுதான். இதுக்குப் போயி ஒரு சி.எல்.ல வீணாக்கிட்டேன்."

நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

பிரியாணி கதையும் அப்படித்தான். எங்கள் ஊர் பிரியாணிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் கார் போட்டு வருவார்கள். ஆனால் அக்கா கடையில் உட்கார்ந்து தின்றதே இல்லை. அந்த வருடம் அதுவும் ஒரு ஆசை. போயிருக்கிறார். மதிய நேரம், கூட்டம். நாலு பேர் உட்காரும் மேசையில் இடம் கிடைத்துவிட்டது. பரிமாறுபவர் வந்து, "எத்தன பேரு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு ஆளுன்னு சொன்னா எந்திரிக்கச் சொல்லிருவானோன்னு பயந்து, நாலு பேருன்னு சொல்லிட்டேன் தம்பி. மத்த மூணு பேரும் வந்துக்கிட்டு இருக்காங்கன்னு."

"நீங்களா? பொய்யா?"

"ஆமா. அதுக்கப்புறம் எப்பிடிச் சாப்பிட? வாசலையே பாத்துக்கிட்டு அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். போனை எடுத்துக் காதுல வச்சு, எங்க வாரிய, எங்க வாரியன்னு கேட்டேன். கடைசியில, அவங்க வரலியாம்னு சொன்னேன். அந்தப் பையனுக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு போல. எலையில ரெண்டு துண்டு கூடப் போட்டுட்டு, 'நீங்க சாப்பிடுங்கம்மா, அவங்க கெடக்காங்க'ன்னான்."

இதைச் சொல்லும்போது அக்காவே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். கல்யாணம் ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினெட்டு வருடம் அவருடைய பன்னிரண்டு சி.எல்.லும் அம்மாவின் ஆஸ்பத்திரிக்கும், தம்பி பிள்ளைகளின் காதுகுத்துக்கும், அவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. பிறகு அம்மா இறந்துபோனார். தம்பி குடும்பத்தோடு வெளிமாநிலம் போய்விட்டார். அந்த வருட டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, பன்னிரண்டு நாளும் அப்படியே மிச்சம். அப்போதிருந்த மேலாளர், "ஒரு நாள்கூட லீவு போடாத ஒரே ஆளு நம்ம அம்மாதான்" என்று எல்லார் முன்னாலும் கைதட்டச் சொன்னாராம்.

"எல்லாரும் தட்டுனாங்க. எனக்குன்னு பன்னெண்டு நாளு இருந்திருக்கு, என்ன செய்யன்னு தெரியாம விட்டுருக்கேன். அதுக்குத் தட்டுதாங்க. வீட்டுக்குப் போயி அழுதேன் தம்பி." மறுநாள் காலையில் உட்கார்ந்து பன்னிரண்டு விண்ணப்பமும் எழுதினாராம். அன்று தொடங்கியதுதான்.

இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூக்குக்கண்ணாடியை அலுவலகத்தில் மறந்துவைத்துவிட்டதாக நினைத்து எடுக்க வந்தவர், நான் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதைக் கண்டார். கண்ணாடியை அவர் மறந்துவைக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது அவர் தலையில் இருந்தது.

"ஞாயித்துக்கெழமையும் ஏன் தம்பி வாரிய?"

"வேலை நிறையக் கிடக்குக்கா."

வேலை கிடந்தது உண்மை. ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. என் மனைவி கோவையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் இனியா அங்கே ஒன்றாம் வகுப்பு. நான் இங்கே ஒரு மாடி அறையில். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிட, கோப்புகளோடு இருப்பது தேவலை. ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மனைவி ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "லீவு தரமாட்டேங்கிறாங்க" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இனியா வீடியோவில் வந்தாள். அன்று அவளுக்குப் பள்ளி விடுமுறை. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

"அது யாருப்பா?"

"ஆபீஸ் அத்தை."

"நீங்கதான் எங்கப்பாவுக்கு லீவு தரமாட்டேங்கிறீங்களா?"

விடுப்புப் பதிவேடு அக்காவிடம்தான் இருந்தது. என் பெயருக்கு எதிரே எத்தனை நாள் மிச்சம் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்டதே இல்லை என்பதும் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் டிபன் டப்பாவைப் பார்த்தேன்.

"ஆமா கண்ணு" என்றார் போனைப் பார்த்து. "இந்த அத்தைதான் மறந்துட்டேன். தப்பு என் மேலதான். வெள்ளிக்கெழம அப்பாவை அனுப்பி வச்சிருதேன், என்ன?"

போன் அணைந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானாகவே சொல்லவேண்டி வந்தது.

"போனா விருந்தாளி மாதிரி இருக்குக்கா. டம்ளர் எங்க இருக்குன்னு கேட்டு வாங்கவேண்டியிருக்கு. நான் இல்லாமலே அங்க எல்லாம் நல்லா நடக்குது. நான் உக்கார்ற நாற்காலியில துணி மடிச்சு வச்சிருக்காங்க."

"துணிய எடுத்துக் கீழ வச்சிட்டு உக்காருலே!"

அக்கா என்னை 'லே' போட்டது அதுதான் முதல் தடவை. எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெருந்தாளியா இருந்தா என்ன? கூப்பிட ஆளு இருக்கப் போயிதான வெருந்தாளி? எழுது."

'தவிர்க்க இயலாத' என்று ஆரம்பித்தேன். தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வேறு தாள் வைத்தார். கடைசியில், 'மகளோடு இருக்க' என்று எழுதினேன். இரண்டே வார்த்தை. எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று நாள் போய்வந்தேன். முதல் நாள் இனியா, வீட்டுக்கு வந்தவருக்குக் காட்டுவதுபோல எல்லா அறையையும் எனக்குச் சுற்றிக் காட்டினாள். மறுநாள் சனிக்கிழமையும் பள்ளி இருந்தது; நடத்திக் கூட்டிப் போனேன். வாசல் காவலரிடம் "இது எங்கப்பா, நிஜமாவே" என்று அறிமுகம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மனைவி, "அடுத்த மாசம் எந்தத் தேதி?" என்று கேட்டாள். லீவு தருவார்களா என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ம், சொல்லுங்க. எப்பிடி இருந்துச்சு?"

சொன்னேன். காவலர் கதையைச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கியதைச் சொன்னேன். தபால் வந்தது, யாரும் பிரிக்கவில்லை. சொல்லி முடித்தபோது, போய்வந்தது அப்போதுதான் முழுசாக முடிந்ததுபோல இருந்தது. அதையும் அக்காவிடம் சொன்னேன்.

"ஆமா தம்பி" என்றார். சற்று நேரம் மேசையிலிருந்த குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வீட்டுக்குப் போனா, எங்க போயிட்டு வாரன்னு கேக்க ஆளில்ல. சொந்த வேலைன்னு எழுதிக் குடுத்தா, மறுநாளு இங்கனயும் ஒரு ஆளும் கேக்காது. கெணத்துல நீச்சல்னு எழுதுனா, என்னக்கா முங்கிட்டியளான்னு நாலு பேரு கேப்பியல்லா? அதுக்குத்தான் வெவரமா எழுதுதது. சிரிக்கத்தான் கேக்கிய, எனக்குத் தெரியாமலா இருக்கு? இருக்கட்டும். கேக்கியல்லா."

"விசில் இந்த வருசமாவது வருமாக்கா?" என்று கேட்டேன். "வராது போல. முன்பல்லு எடவெளி பத்தலன்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றார். இதற்காக டாக்டரிடம் வேறு போயிருக்கிறார்.

பிறகு எனக்குக் கோவைக்கே மாற்றல் கிடைத்தது. அக்கா போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வருடம் முழுக்க அவருக்கு விடுமுறைதான். எங்காவது போய்க்கொண்டே இருக்கிறார், எப்போதும்போல ஒற்றையாக. போன இடத்திலிருந்து எனக்குப் போன் வரும்.

போன மாதம் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து பேசினார். "தம்பி, இங்கன காலு நனையிற மாதிரி நிக்கேன்" என்று ஆரம்பித்தார். நான் அப்போது ஒரு கூட்டத்தில் இருந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே ஒரே காற்று. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. ஏதோ நண்டு, ஒரு குடும்பம், யாரோ போட்டோ எடுத்துத் தந்தது என்று துண்டு துண்டாக வந்தது. எல்லாம் கேட்டதுபோல, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வராந்தாவில் நின்றேன், அவராகப் போனை வைக்கும்வரை.