நன்றாக ஓடித் தொலைத்த மோட்டார் சைக்கிள்

இயந்திரங்கள் பழுதாகி மனிதரை நடுச்சந்தியில் நிறுத்திய கதை எல்லோரிடமும் இருக்கிறது. ஒழுங்காக ஓடி மானத்தை வாங்கிய இயந்திரம் எனக்கு மட்டும்தான் வாய்த்தது. மானம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது என் தம்பியின் பயணத்தையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அம்மாவும் நானும் கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுகிய ஒழுங்கையில், மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் மருதானையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். தம்பி வசந்தன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்குப் போவதற்காக எங்களோடு தங்கியிருந்தான். வயது இருபத்திரண்டு. அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. அந்த நாட்களில் இவை இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், பாண் வாங்கக் கடைக்குப் போனவன் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் அம்மா அவனை வெளியே விடவில்லை. பல்கனியில் உடுப்புக் காயப்போடக்கூட நான்தான் போக வேண்டும். ஒருவழியாக விசா வந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டும் வந்தது. அதைத் தவறவிட்டால் விசாவின் தவணை முடிந்துவிடும். பிறகு எல்லாம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதே வாரம்தான் என் மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்தது.

அது சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல. காட்டிலும் மேட்டிலும் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த டூ ஸ்ட்ரோக் வண்டி. சில்லுக்கு எட்டாத உயரத்தில் ஒரு மட்கார்ட், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், என் இடுப்பளவு உயரத்தில் சீற். வெள்ளவத்தையில் காடும் கிடையாது, மேடும் கிடையாது. (சென்ரி என்ற காவலரணுக்கு முன்னால் இராணுவம் போட்டிருந்த வேகத்தடைதான் எங்கள் பகுதியின் ஆக உயர்ந்த மலை.) ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில், சேற்றில் குளித்த வெள்ளைக்காரன் ஒருவன் இப்படியான வண்டியோடு ஆகாயத்தில் நிற்கும் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் புத்தி பிசகியிருந்தது. கண்ணாடி போட்ட, ஒல்லியான, பஸ்ஸில் யன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் தலை சுற்றுகிற கணக்குக் கிளாக்கர் நான்.

"மலையில ஓடுறதை வாங்கிக் கடற்கரையில வைச்சிருக்கிறாய்," என்றார் அம்மா. "ஆரும் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

வண்டி மரப்பெட்டிக்குள் பகுதி பகுதியாக வந்தது. கடைக்காரர் பூட்டித் தருவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். மற்றவர்கள் எழுதிய கணக்கில் பிழை பிடிப்பது என் தொழில். நான் செய்வதில் பிழை வரலாம் என்ற எண்ணமே அப்போது எனக்கு இருக்கவில்லை. கூடவே வந்த கையேட்டை ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். முதல் பக்கத்தைத் தவிர. அதில் சுவிச்சுகளின் படம்தான் இருந்தது. சுவிச்சு எது என்று எனக்குத் தெரியாதா என்ன?

கீழே போர்ட்டிகோவில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த வசந்தனுக்கு அது பெரிய விடுதலை. சங்கிலியின் தொய்வை அளந்தோம், டயருக்குக் காற்று அடித்தோம். பிறகு நான் காபரேட்டரில் கைவைத்தேன். அதற்குள்ளே ஓர் ஊசி இருக்கும். ஊசியில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்தில் மாட்டினால் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் போகும். புது எஞ்சின், நன்றாகச் சாப்பிடட்டும் என்று ஒரு பள்ளம் கீழே மாட்டினேன். இந்த வகை எஞ்சினுக்குப் பெற்றோலுக்குள்ளேயே ஓயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். முதல் ஓட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கலக்கும்படி கையேடு சொன்னது. நான் அதற்கும் மேலே ஒரு மூடி விட்டேன். பிறகும் மனம் கேட்காமல் இன்னொரு மூடி.

"அண்ணா, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமே," என்றான் வசந்தன்.

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பூசைக்கு முதல் ஒருதரும் அதைத் தொடக்கூடாது. முதல் சத்தம் பிள்ளையாருக்குத்தான் கேக்கோணும்."

எங்கள் வீட்டில் அது சட்டம். அப்பா வாங்கிய பழைய காரிலிருந்து அம்மாவின் தையல் மெஷின் வரை, பிள்ளையார் கேட்ட பிறகுதான் நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆகவே எஞ்சினின் குரலை ஒரு தரமும் கேட்காமலே நான் அதை டியூன் செய்து முடித்தேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருக்கவில்லை. அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குப் பூசையும் வசந்தனின் பயணத்துக்கு அருச்சனையும் ஒன்றாகச் செய்வதென்று அம்மா முடிவெடுத்தார். கோயில் ஒழுங்கை முனையில், காலி வீதியைப் பார்த்தபடி இருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் மண்மூட்டை அடுக்கிய சென்ரி. "முனைதானே, நானும் வாறன்தானே," என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வசந்தனின் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வசந்தன் வேட்டி கட்டியிருந்தான். வெயிலைக் கண்டு கண் கூசியது அவனுக்கு. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஐயர் ஹான்டிலுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். தேங்காய் உடைத்தார். சென்ரியில் நின்ற சிப்பாய்கள் இதையெல்லாம் நாளாந்தம் பார்ப்பவர்கள். ஒருவன் கொட்டாவி விட்டான்.

"இனி ஸ்டார்ட் பண்ணுங்கோ தம்பி," என்றார் ஐயர்.

உதைத்தேன். அசைவில்லை. மறுபடியும் உதைத்தேன். கோயிலுக்கு வந்தவர்கள் சுற்றிக் கூடினார்கள். சோக்கை இழுக்கச் சொன்னார் ஒருவர், இழுத்து உதைத்தேன். வண்டியைச் சரிக்கச் சொன்னார் இன்னொருவர், சரித்து உதைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பெற்றோல் மணம் மூக்கில் ஏறியதும் ஐயர் கற்பூரத் தட்டோடு மெதுவாக உள்ளே போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் இயந்திர அறிவு இருந்தவர் அவர் ஒருவர்தான். அப்போதுதான் ஹான்டிலில் இருந்த சிறிய சிவப்புச் சுவிச்சு என் கண்ணில் பட்டது. எஞ்சினை நிறுத்துகிற சுவிச்சு. அது நிறுத்தியபடியே இருந்தது. (முதல் பக்கம்.) அவ்வளவு நேரமும் நான் உதைத்து உதைத்து அனுப்பிய பெற்றோல் முழுவதும் எரியாமல் சைலன்சருக்குள் போய்த் தங்கியிருந்தது. அதை அன்று நான் யோசிக்கவில்லை. சுவிச்சைப் போட்டேன். பிள்ளையாரைக் கும்பிட்டு ஓங்கி ஒரு உதை உதைத்தேன்.

முதல் சத்தம் பிள்ளையாருக்கு மட்டுமில்லை, பம்பலப்பிட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் காலத்துக் கொழும்பில் அப்படியொரு சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கடைகளின் இரும்புக் கதவுகள் மளமளவென்று விழுந்தன. பூக்காரம்மா மேசைக்குக் கீழே போனார். வீதியில் நின்ற சனம் அப்படியே நிலத்தில் படுத்தது. என்னுடைய இரண்டு மூடி ஓயிலும் நீலப் புகையாக எழும்பிக் கோபுரத்தை மறைத்தது. புகை விலகியபோது நிமிர்ந்திருந்தது இரண்டு பேர்தான். பிள்ளையார் இருந்தபடி இருந்தார், நான் நின்றபடி நின்றேன். வண்டி ஒரு தரம் உறுமிவிட்டு அணைந்துபோனது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அதற்குப் பிறகு துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. ஒரு சிப்பாய் முன்னால் ஓடிவந்தான். அவனுக்கும் வசந்தனின் வயதுதான் இருக்கும். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தான். என்னுடையது கொழும்பு. வசந்தனுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாப்பனய," என்று யாழ்ப்பாணத்தைச் சிங்களத்தில் பின்னால் நின்றவனுக்குச் சொன்னான். அம்மா தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டு குறுக்கே வந்தார். யாரும் கேட்கவில்லை.

எங்கள் இருவரையும் பொலிஸ் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சாட்சிப் பொருளை நான்தான் தள்ள வேண்டியிருந்தது. ஆகாயத்தில் பாய்வதற்கென்று வாங்கிய வண்டியின் முதல் பயணம், கழுத்தில் மாலையோடு, காலி வீதியில் பொலிஸ் காவலில் நடந்தது.

இன்ஸ்பெக்டர் களைத்துப்போன மனிதர். கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. என் சிங்களம் கடையில் தேங்காய் வாங்கப் போதும்; வெடிச்சத்தத்துக்கு விளக்கம் சொல்லப் போதாது. ஆனாலும் சுவிச்சு, பெற்றோல், சைலன்சர் என்று கையாலும் காலாலும் சொல்லி முடித்தேன். அதற்குள் வசந்தனைக் கம்பி போட்ட அறையொன்றில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கே வசந்தனைப் போலப் பிடித்துவந்த சில இளம் பெடியன்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அம்மா வாசலில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வெயிலில் நின்றார்.

"மோட்டார் சைக்கிள் போட்ட சத்தம் என்கிறாய்," என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில். "சரி, அதே சத்தத்தை இங்கே போட்டுக் காட்டு. போட்டால் மல்லியை, உன் தம்பியை, கூட்டிக்கொண்டு போகலாம். போடாவிட்டால் விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் இங்கேதான்."

விசாரணை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வண்டியை முற்றத்தில் நிறுத்தி ஓர் உதை உதைத்தேன்.

முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

தள்ளிக்கொண்டு வந்த நேரத்தில் உள்ளே தேங்கியிருந்த பெற்றோல் காய்ந்துபோயிருக்க வேண்டும். டிண் டிண் டிண் என்று, பிசிறில்லாமல், அந்தச் சஞ்சிகைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நான் இரவிரவாகக் கற்பனை செய்த அதே நாதம். நிறுத்தினேன். மறுபடி உதைத்தேன். அதே நாதம். முறுக்கினால் கூவியது, விட்டால் அடங்கியது.

"சத்தே கோ?" என்றார் இன்ஸ்பெக்டர். சத்தம் எங்கே என்று கேட்கிறார்.

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஹொந்த பைக் எகக்," என்று தலையாட்டினான். நல்ல பைக்காம். என் வாழ்க்கையில் கேட்ட பாராட்டுகளில் நான் கேட்க விரும்பாதது அது ஒன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பயந்தேன்; தம்பியின் வாழ்க்கையை என் இரண்டு கையாலும் பூட்டி முடித்துவிட்டேன் என்று பயந்தேன்.

அப்போது கம்பிகளுக்குள்ளிருந்து வசந்தனின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை அவன். சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதுபோலச் சொன்னான்.

"அண்ணா, பிழையாக்குங்கோ. கோயிலடியில என்னென்ன பிழை விட்டீங்களோ, அதெல்லாத்தையும் ஒண்டும் விடாமல் திருப்பிச் செய்யுங்கோ."

கான்ஸ்டபிளிடம் ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்கினேன். காபரேட்டரைத் திறந்து ஊசிக் கிளிப்பை ஆகக் கீழ்ப் பள்ளத்தில் மாட்டினேன். சோக்கை முழுதாக இழுத்தேன். சிவப்புச் சுவிச்சை அணைத்தேன். பிறகு உதைக்கத் தொடங்கினேன். ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள். நல்ல எஞ்சினைக் கெடுக்கிறானே என்று கான்ஸ்டபிள் முகத்தைச் சுளித்தான். கால் மரத்துப்போகும் வரை உதைத்தேன். பெற்றோல் மணம் கோயிலடியில் வந்த அளவுக்கு வந்ததும் சுவிச்சைப் போட்டேன். இந்த முறை பிள்ளையாரைக் கூப்பிடவில்லை. அவருக்கு ஏற்கெனவே கேட்டிருந்தது.

கோயிலடியில் வெடித்தது இதற்கு ஒத்திகை என்றுதான் சொல்ல வேண்டும். வாசல் காவலர் மண்மூட்டைக்குப் பின்னால் மறைந்தார். கான்ஸ்டபிள் என் காலடியில் கிடந்தான். மரத்திலிருந்த காகமெல்லாம் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது தேநீர் அவருடைய சட்டையில் இருந்தது. அவர் அதை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹரி," என்றார். சரியாம். "போதும். மல்லியைக் கூட்டிக்கொண்டு போ. இந்தச் சனியனைத் தள்ளிக்கொண்டே போ."

நான் நினைத்த மாதிரி ஓர் எஞ்சினை டியூன் செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தன் விமானம் ஏறினான். வண்டியை மலைநாட்டில் ஒரு தோட்டத்து டாக்குத்தருக்கு விற்றுவிட்டேன். கனடாவுக்குப் போன பிறகுதான், தொலைபேசியில், வசந்தன் எனக்கு ஒன்று சொன்னான். முற்றத்தில் வெடித்தபோது அறைக்குள் இருந்த பெடியன்கள் எல்லோரும் நிலத்தில் படுத்துவிட்டார்களாம். எழும்பும்போது பக்கத்தில் கிடந்தவன், "அது உங்கட அண்ணாவோ?" என்று கேட்டானாம். ஓம் என்றதும், "எங்களுக்கு வெடிச்சுக் காட்ட ஒண்டும் இல்லை," என்றானாம். அவனுடைய பெயரைக் கேட்காமல் வந்துவிட்டதாக வசந்தன் சொன்னான். அந்த அறைக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடந்ததென்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் கதையை நாங்கள் எத்தனை தரம் சிரித்துச் சொன்னாலும் அந்த இடத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை.

மற்றபடி சிரிப்புக்குக் குறைவில்லை. எங்கள் குடும்பத்தில் ரேடியோ கரகரத்தாலும், மணிக்கூடு நின்றாலும், "அவனிட்டைக் குடுங்கோ, வடிவாப் பிழையாக்கித் தருவான்," என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதை வசந்தனின் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போன வருடம் வசந்தனின் மகன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். அவனும் அப்படியொரு வண்டி வாங்கியிருக்கிறான். "பெரியப்பா, ஸ்டார்ட் பண்ணேக்க ஒரு சத்தம் வருது. அப்பாட்டைக் கேட்டா உங்களிட்டைக் கேக்கச் சொல்லுறார்," என்றான். என்ன சத்தம் என்று கேட்டேன். "வெயிற் பண்ணுங்கோ," என்று தொலைபேசியை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து உதைத்தான். சத்தம் கடல் கடந்து வந்து என் காதில் விழுந்தது. நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் எதுவோ தடாலென்று விழுந்தது. பிறகு மகன் மெதுவாகச் சொன்னான்:

"பெரியப்பா, அப்பா கராஜுக்குள்ள நிலத்தில படுத்திருக்கிறார்."

நிலத்திலிருந்தபடியே தொலைபேசியை வாங்கினான் வசந்தன். மூச்சு வாங்குவது கேட்டது. "அண்ணா," என்றான், "இதை மட்டும் திருத்திக் குடுங்கோ."

சிவப்புச் சுவிச்சிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.