பத்து நிமிடம் முந்திய பாங்கு

வாடிக்கையாளர் கேட்டதை மட்டும் செய்து கொடுக்கிற இணையத்தளக்காரனுக்கு ஒரு கெடுதியும் வராது. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தவனைத்தான் ஊர் ஆயுளுக்கும் ஞாபகம் வைத்திருக்கும். கல்முனையில் என்னை ஞாபகம் வைத்திருக்கிற நாற்பது பேரை நான் ஒரே மாலையில் சம்பாதித்தேன்.

தளபாடக் கடை ஹாஜியார் கேட்டது சாதாரண விஷயம். அலுமாரிப் படம், கட்டில் படம், தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். ஆனால் என்னிடம் சொந்தச் சரக்கு ஒன்று இருந்தது. நோன்பு திறக்க இன்னும் எத்தனை நிமிடம் என்று எண்ணிக் காட்டி, நேரம் வந்ததும் பள்ளிவாசல் போலத் தொழுகைக்கு அழைத்துத் தானாகப் பாங்கு சொல்கிற ஒரு பக்கம். யாரும் கேட்காமலே ஆறு மாதமாக நானே செய்து, நானே பார்த்து, நானே மெச்சிக்கொண்டிருந்தேன். (அப்ப எனக்கு இருபத்திநாலு வயசு. வேற என்ன சொல்ல?) அதைக் கொண்டுபோய் அவருடைய முகப்பில் பொருத்தினேன்.

"தம்பி, கட்டில் வாங்க வாறவனுக்குப் பாங்கு எதுக்கு?" என்றார் ஹாஜியார்.

"நோன்பு மாசம் முழுக்க சனம் ஒங்கட பக்கத்தத்தான் திறந்து வெச்சிரிக்கும், ஹாஜி. அப்ப கட்டிலும் கண்ணுல படும்தானே."

அவருக்குப் பிடித்துப்போனது. கடையின் மேல்மாடியில் நோன்பு திறக்கிற இப்தார் விருந்து வைத்து, பெரிய டீவியில் அந்தப் பக்கத்தையே காட்டி, தளத்தைத் திறந்து வைப்போம் என்றார்.

எனக்கு இதில் வேறு கணக்கும் இருந்தது. என் வாப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அரசாங்க வேலை இல்லாதவன் அவருடைய அகராதியில் வேலையில்லாதவன். ஆசிரியர் நியமன விண்ணப்பத்தை எனக்காக அவரே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். "ஒருக்கா வந்து என்ட வேலையப் பாருங்க வாப்பா. அதுக்குப் பொறகும் சொன்னீங்கண்டா கையெழுத்து வெக்கிறன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இப்தாருக்கு வரச் சம்மதித்தார்.

இப்தார் நாளன்று பின்நேரம் நாலு மணிக்கு, பாங்குச் சத்தம் எப்படி இருக்கும் என்று ஹாஜியார் கேட்டார். பக்கத்தின் நேரத்தை இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் முன்னே தள்ளிவிட்டேன். பாங்கு கணீரென்று ஒலித்தது. அவர் தலையாட்டினார். இனி எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். நிரலில் மணித்தியாலத்துக்கு ஒரு வரி, நிமிடத்துக்கு ஒரு வரி. முதல் வரியை அழித்து முடிக்கிறேன், உம்மாவின் அழைப்பு வந்தது. "பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி முடியப் போகுதாம். வாளியத் தூக்கிட்டு ஓடு." ஓடினேன். இரண்டாவது வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

மேல்மாடிக் கண்ணாடி முழுவதும் மெத்தை விளம்பரம் ஒட்டியிருந்ததால், வெளியே வெயில் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நாற்பது பேர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீவியைப் பார்த்திருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, சூரியனை மறைய வைப்பதே நான்தான் என்பது போல டீவிக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று, இரண்டு, ஒன்று. பாங்கு.

ஒருவரும் அசையவில்லை. விருந்துக்கு வந்திருந்த மௌலவி தன் கைபேசியைப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். ஊரில் பாதிப்பேர் வாப்பாவிடம் படித்தவர்கள். அவர் வகுப்புக்குள் கால் வைப்பதைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்தியவர்கள். வாப்பா டீவியைப் பார்த்தார், கைமணிக்கூட்டைப் பார்த்தார், பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் போட்டார்.

"மாஸ்டரே திறந்திட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். நாற்பது வாயும் திறந்தது.

கஞ்சி குடித்தார்கள். சமூசா முடிந்தது. இரண்டு பேர் என் தோளில் தட்டினார்கள். பாய் விரித்து, அந்தித் தொழுகையான மஃரிபுக்கு வரிசையாக நின்றபோது, பக்கத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி 'அல்லாஹு அக்பர்' என்று உண்மையான பாங்கைத் தொடங்கியது.

கடைசிச் சமூசாத் துண்டை வாயில் வைத்தபடி வரிசையில் சேர வந்த ஒருவர் அதை விழுங்குவதா துப்புவதா என்று என்னைப் பார்த்தார். (என்னட்டக் கேட்டா?)

மௌலவி திரும்பினார். "தொழுகை தப்பிச்சு, இன்னும் தொடங்கல்லதானே. நோன்பு போயிட்டு. தெரியாமச் செஞ்சது, பாவமில்ல. ஆனா பெருநாளுக்குப் பொறகு எல்லாரும் இதுக்குப் பதிலா ஒரு நோன்பு பிடிச்சுக் கழாச் செய்யணும்."

"தம்பி, கட்டில் இரிக்கட்டும். பாங்கக் கழட்டு" என்றார் ஹாஜியார்.

வீட்டுக்கு, சாய்ந்தமருதுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். பின்னால் வாப்பா. நான் செத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"அம்பது வருசமா எனக்கு ஒரு கழா இரிக்கல்ல" என்றார்.

"மன்னிச்சுக்கங்க வாப்பா. மணிக்கூட்டப் பாத்தீங்கதானே. அது சரியாத்தானே காட்டியிருக்கும்?"

"ஓம். பத்து நிமிசம் கொறவாக் காட்டிச்சு. பழைய மணிக்கூடு, பிந்திட்டெண்டு நெனச்சன்." பின்னாலிருந்து கையை நீட்டி அந்த மணிக்கூட்டைக் காட்டினார். "நீ செஞ்சது பிழையா இரிக்குமெண்டு எனக்குத் தோணல்ல மகன். அங்கேயே முள்ளத் திருப்பி ஒன்ட டீவிக்குச் சரியா வெச்சிட்டன்."

நாற்பது பேரின் நோன்பு போனதற்காக நான் வெட்கப்பட்டேன். இதற்காக அழுதேன். தலைக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. விண்ணப்பத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கதைக்கவேயில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிற நிறுவனம் வைத்திருக்கிறேன்.

பெருநாள் முடிந்து வாப்பாவும் நானும் ஒரே நாளில் அந்த நோன்பைப் பிடித்தோம். பள்ளியில் பாங்கு ஒலித்தது. நான் பழத்தை எடுத்தேன். வாப்பா என் கையைப் பிடித்து, "நீ பத்து நிமிசம் பொறு. ஒனக்கு முந்தியே தந்தாச்சு" என்றார். உம்மா சிரித்துச் சிரித்துக் கஞ்சியைக் கொட்டினார்.

ஒன்பது வருடமாக ஒவ்வொரு நோன்பிலும் இது நடக்கிறது. இந்த வருடம் வாப்பா வாயைத் திறப்பதற்குள் என் நாலு வயது மகள் முந்திக்கொண்டு, என் கையிலிருந்த பழத்தைப் பறித்தாள். "வாப்பா, நீங்க பத்து நிமிசம் பொறுங்க." அவளுக்கு இன்னும் மணி பார்க்கத் தெரியாது.