தீனதயாளன் பிடித்த இறால்

தீனதயாளன் ஒரு சபதம் எடுத்தார். மாமல்லபுரம் கரையில் நின்று, தன் தூண்டிலால், ஒரே ஒரு கொடுவா மீன். அதை மச்சான் சுப்பிரமணியின் இலையில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

சபதத்துக்குக் காரணமே சுப்பிரமணிதான். "மாப்ள, இத்தினி வருசமா ஒரு மீனும் மாட்டலியே. அந்தக் கோல்ல துணியாவது காயப் போடலாம்" என்று, இவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே கேட்ட ஆள். மனைவி சம்பூர்ணமும் அண்ணனோடு சேர்ந்து சிரித்தாள். அதுதான் இன்னும் எரிந்தது.

தூண்டிலில் செத்த இறாலை மாட்டினால் கொடுவா சீண்டாது, இரை உயிரோடு வேண்டும் என்றார்கள் ஆபீஸில். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலங்களில், அணுபுரம் குவார்ட்டர்ஸே டிவி முன்னால் காலை நீட்டியிருக்க, தீனதயாளன் பக்கிங்காம் கால்வாயில் வலை தள்ளினார். சேறு செருப்பை விழுங்கியது. நண்டு கட்டைவிரலைப் பதம் பார்த்தது. பிடித்த இறாலைக் கால்வாய்த் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, ஞாயிறு காலை கடலுக்குப் போகும்வரை அது சாகாமலிருக்க, ராத்திரி முழுக்கக் காற்று ஊத மீன்தொட்டி மோட்டார் ஒன்றையும் வாங்கி வந்தார்.

"வாடை ஹாலுக்கு வரக்கூடாது. வாளி சமையக்கட்டுலயே இருக்கட்டும்" என்றாள் சம்பூர்ணம். இவளுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று தீனதயாளன் உருகிப்போனார்.

விடிந்து பார்த்தால் அத்தனையும் செத்துக் கிடக்கும்.

"ஐயோ பாவம், அதுங்க ஆயுசு அவ்ளோதான். இன்னா பண்றது, வீணாக்கவா முடியும்?" என்பாள். மத்தியானம் இறால் தொக்கு. வாரா வாரம் இதே கதை. தொக்கு பிரமாதமாக இருந்து தொலைத்தது. வயிற்றெரிச்சலோடு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றார்.

ஒரு ஞாயிறு, விடிவதற்கு முன்பே மிக்ஸி சத்தத்தில் விழித்துக்கொண்டார். சமையலறைக்குப் போனால் மோட்டார் ஒயர் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் மிக்ஸி ஒயர்.

"இன்னாடி இது!"

"மசாலா அரைக்கிறேன். இருக்கறது ஒரு பிளக்கு பாயிண்ட்டுதானே?"

"இந்நேரத்துல எதுக்கு மசாலா?"

"எறா தொக்குக்கு."

"எறா இன்னும் சாகவே இல்லியே!"

"அரைச்சு முடிக்கறதுக்குள்ள செத்துடும்ங்க."

இத்தனை வாரமும் கொடுவாவுக்கு என்று சேற்றில் உழன்றது இந்த மிக்ஸிக்குத்தானா?

"இனிமே அந்தக் கால்வாய்ல காலே வைக்க மாட்டேன்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. சனிக்கிழமையில நீங்க சும்மாதானே இருப்பீங்க? செங்கல்பட்டுல அண்ணன் வூடு கட்டிகினு இருக்காரு. போய் சித்தாளுங்களோட நின்னு செங்கல் எடுத்துக் குடுங்க."

அடுத்த சனிக்கிழமை. தீனதயாளன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பால்கனியில் குறுக்கே கட்டியிருந்த தூண்டில் கோலில் ஈரப் புடவையை உதறிப் போட்டபடி சம்பூர்ணம் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பெரிய எறாவாப் பாத்துப் புடிங்க! நாளைக்கு அண்ணன் சாப்பிட வர்றாரு."