கூடைக்காரன் தலையில் விழுந்த பழம்

டயகம, இலங்கை,
12.08.1982

மாதாவின் அருளால் குவைத்தில் சகல சௌபாக்கியங்களோடும் லொறி ஓட்டிக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் லோரன்ஸ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் சுகிர்தத்தின் கணவனும் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளையுமான யேசுரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்காள், பசுமாடு மூவரும் சுகம். மழைதான் போக மனமில்லாமல் நிற்கிறது. அங்கே மழையே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். வழியிருந்தால் கொஞ்சம் கட்டி அனுப்பியிருப்பேன்.

நீங்கள் அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. மச்சான், அதைப் பற்றி என்னவென்று எழுதுவேன்! முதலில் சவரக் கண்ணாடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். உள்ளே ஓர் ஆள் கூடையோடு நிற்கிறான். வயர் இல்லை, சாவி கொடுக்க இடமில்லை, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி மட்டும். வலப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் போகிறான், இடப்பக்கம் அழுத்தினால் இடப்பக்கம் வருகிறான். மேலே மரத்திலிருந்து பழம் விழுகிறது. கூடையில் பிடித்தால் 'கீக்', ஒரு புள்ளி. தவறினால் பழம் பொத்தென்று தலையில் விழ, தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுகிறான். இத்தனை வருஷமாக மலையில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியும் என் சொல்லை யாரும் கேட்டதில்லை. சொன்ன மாத்திரத்தில் கேட்கிற ஒருவனை உள்ளங்கையில் கண்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

அதைவிடப் பெரிய அதிசயம் பிறகுதான் நடந்தது. உங்கள் மூத்த அக்காள் மரியநாயகி குடும்பத்தோடு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போக அட்டன் ஸ்டேசனில் ரயில் ஏறிய நாளிலிருந்து சுகிர்தம் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தக் கவலையில்தானே நீங்களும் இதை அனுப்பினீர்கள். பெட்டியை வாங்கி அழுத்தினாள். முதல் பழமே தலையில். ஆள் குந்தினான். மச்சான், அவள் சிரித்தாள்! அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, மாடு கத்துகிறது, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழ் லயத்து வீட்டிலிருந்து நாகலெட்சுமி, "அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சு!" என்று மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். நான் பிளந்த வாயை மூட மறந்து நின்றேன்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கூடையைக் கண்டால் நிறுக்காமல் இருக்க எனக்குத் தெரியாதே. இப்படிப் பழத்தை வீணாக்கலாமா என்று பெட்டியைக் கையில் எடுத்தேன். சீக்கிரமே நுட்பம் பிடிபட்டது. நடுவில் நிற்க வேண்டும், ஓரக் கிளைப் பழத்தைத் துரத்தக் கூடாது, ஆளைப் பார்க்காமல் கிளையை மட்டும் பார்க்க வேண்டும். பிறகென்ன, விடிகாலையில் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கப் பெரட்டு வைக்கிற மாதிரி, சாயந்தரம் வீட்டிலும் ஒரு பெரட்டு வைத்தேன். இருநூறு புள்ளி எடுத்தால் முழுப்பேர். மலையில் கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் போடுவோமே, அதுபோல இங்கேயும் குறைந்தால் அரைப்பேர். உங்கள் அக்காளுக்கு முதல் நாள் அரைப்பேர், மறுநாளும் அரைப்பேர். தோட்டத்திலேயே வேகமான கை நாகலெட்சுமியுடையது என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "காலையிலருந்து மலையில கூடைய சொமந்துட்டு வாறேன். இங்க வந்து பொம்மக் கூடையும் ரொப்பணுமாங்கய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சுகிர்தமும் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சிரிப்பு நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. கிளையை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு பூசைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். மாதா மன்னிக்க வேண்டும். எண்ணூறு, தொள்ளாயிரம், விரல் மரத்துப்போய் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது! அடுத்த பழத்துக்கு என்ன நடக்குமோ, பேண்டு வாத்தியம் முழங்குமோ, ஆள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்கொரு கும்பிடு போடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். 'கீக்'. பூச்சியம். மச்சான், பூச்சியம்! அவன் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பழத்துக்குக் கூடையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இந்தக் கையால் நான் நிறுத்துக் கணக்கெழுதிய கொழுந்தெல்லாம் கண்முன்னால் வந்து போனது. எனக்குப் பயமாகவே இருந்தது.

பூசை முடிந்து வந்த சுகிர்தத்திடம் சொன்னேன். முக்காட்டை மடித்துக்கொண்டே, "அம்புட்டுப் பழம் புடிச்சீங்களே, அவன் ஒரு தடவையாச்சும் குந்துனானா?" என்று கேட்டாள்.

"ஒரு தடவைகூட இல்ல!" என்றேன் பெருமையாக.

"அப்பறம் அதுல என்னாங்க இருக்கு? அன்னைக்கி தொர முன்னால சறுக்கி விழுந்து, தலையப் புடிச்சிக்கிட்டு குந்துனீங்களே, அச்சு அசலா அதே மாதிரி குந்துறான். அதுக்குத்தானே சிரிச்சேன்." சொல்லும்போதே வாயோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே முகம் வாடிவிட்டது. "அக்கா இருந்திருந்தா ரெண்டு பேருமா உங்களச் சொல்லிச் சொல்லி சிரிச்சிருப்போம்."

பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே கூடையைத் தள்ளிக் கொண்டுபோனேன். பொத். மறுபடியும் பொத். மூன்றாவது பழத்துக்கு நானே தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினேன். பார்க்க வேண்டுமே மச்சான், அந்தச் சிரிப்பை! அவளுக்குக் கண்ணில் தண்ணீர், எனக்கும்தான். தொள்ளாயிரம் பழம் பிடித்தும் நான் காணாத அதிசயம் அது.

இப்போது வந்திருக்கும் கஷ்டம் என்னவென்றால், ஆள் மங்கிக்கொண்டே வருகிறான். புள்ளி சேர்க்கிறேன் என்று பேட்டரியை நானே குடித்து முடித்துவிட்டேன். தலவாக்கலையில் விசாரித்து, நுவரெலியாவுக்கும் பஸ் ஏறினேன். அங்கே மணிக்கூட்டுக் கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இப்படி ஒரு சாமான் இன்னும் இலங்கைக்கு வரவில்லை என்று கையை விரித்துவிட்டார். ஆகவே அங்கிருந்து யாராவது ஊர் வந்தால் இரண்டு பேட்டரி கொடுத்தனுப்புங்கள். அவன் அணைந்துபோனால் இவள் பழையபடி ஆகிவிடுவாளோ என்று பயப்படுகிறேன். இனிப் பெரட்டு இல்லை, பேர் இல்லை, எண்ணுவதே இல்லை. புள்ளி தெரிகிற மூலையில் ஒரு தபால் முத்திரையை ஒட்டி மறைத்துவிட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். மாதா உங்களையும் உங்கள் லொறியையும் கைவிடமாட்டார். சுகிர்தம் அன்போடு விசாரிக்கிறாள், மாடும் வாலை ஆட்டுகிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
சூ. யேசுரட்ணம்

பி.கு.: இது சுகிர்தத்துக்குத் தெரிய வேண்டாம். திங்கட்கிழமை மூன்று சிரிப்பு, செவ்வாய் நான்கு. நாளொன்றுக்கு ஆறு என்று வைத்திருக்கிறேன், ஆகையால் இரண்டு பேட்டரி காணாது, பன்னிரண்டாக அனுப்பவும். நேற்று எவ்வளவோ குந்திப் பார்த்தும் ஐந்தோடு நின்றுவிட்டது. எனக்கு நானே அரைப்பேர் போட்டுக்கொண்டேன்.