குடத்துச் சாமியும் வெள்ளையம்மாளின் பேயும்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப் வருவதே அபூர்வம். அந்த மாதமோ ஜீப்பின் கூரையிலும் ஆள். எல்லோரும் குடத்துச் சாமியைப் பார்க்கத்தான் போனார்கள். எப்பேர்ப்பட்ட பேயையும் தண்ணீராலேயே விரட்டுகிற மகான்! குடம் நம்முடையது, தண்ணீர் நம்முடையது, மந்திரம் மட்டும் அவருடையது.

தலைவலி என்று சொன்ன மனைவி வெள்ளையம்மாளைப் பூபாலன் அங்கே அழைத்துப் போனார், காணிக்கைச் சேவலோடு. சாமி கண்ணை மூடினார். பேய் தெரிந்தது. தெரியாமல் போனதாகச் சரித்திரமே கிடையாது.

"உப்பத் தொடக் கூடாது. சாமைக் கஞ்சியும் சப்புனுதான். மந்திரிச்ச தண்ணி தெனம் ஒரு கொடம். பேய் தானா வாயத் தொறக்கும்."

திறந்தது. சில நாளில் வெள்ளையம்மாள் வாந்தி எடுத்தாள். ஆட்டைப் பார்த்து, "வாங்க மாமா, சாப்புடுங்க" என்றாள். கட்டியவரைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். பூபாலன் பதறிச் சாமியிடம் ஓடினார். சாமிக்கோ பூரிப்பு.

"பேசுது பாத்தியா! இனிமே ரெண்டு கொடம்!"

சேதி கேட்டுத் திருப்பத்தூர்த் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ரேணுகாதேவி ஓடி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்பா."

"பேய் கோவிச்சுக்குமேம்மா."

"கோவிச்சுக்கட்டும். நான் சமாதானம் சொல்லிக்கிறேன்."

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சோடியம், அதாங்க உப்புச் சத்து, ரொம்பக் கொறைஞ்சிருக்கு. உப்பு இல்லாம இவ்ளோ தண்ணி குடிச்சா மூளை வீங்கிடும். வலிப்பு வந்து உயிரே போயிருக்கும்."

"அப்ப ஒரு கை உப்பு குடுத்துடலாங்களா?" என்றார் பூபாலன்.

"ஐயோ, வாணாங்க! சட்டுனு ஏத்தினாலும் ஆபத்து. அடிக்கடி டெஸ்ட் பண்ணி மெதுவாத்தான் ஏத்தணும். தண்ணியும் அளவாத்தான்."

மெதுவாகத்தான் ஏறியது. ஒரு காலையில் வெள்ளையம்மாள் கண் விழித்து, "இன்னாங்க, தாடியும் நீங்களும்!" என்றாள். பூபாலன் வெட்கமில்லாமல் அழுதார்.

மூவரும் நேரே சாமியிடம் போனார்கள். அதே கூட்டம். ரேணுகா ஒரு குடத்தை நிரப்பிச் சாமி முன் வைத்தாள்.

"மந்திரிச்சு நீங்களே குடிங்க சாமி. தெனம் ஒண்ணு, உப்பில்லாத கஞ்சியோட. நாங்க இங்கியே ஒக்காந்து பாக்குறோம்."

சாமி குடத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னாத்துக்கு? எனக்குத்தான் பேயே புடிக்கலியே!"

"எங்கம்மாவுக்கும் இந்தத் தண்ணி குடிக்கிற வரைக்கும் புடிக்கல சாமி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். பூபாலன் சேவலைத் திருப்பிக் கேட்டார். அது உப்பும் உறைப்புமாகச் சாமியின் குழம்புச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

குடம் குடமாகக் குடிக்கத் திறந்த வாய்தானே ஐயா? 'ஏன்?' என்று கேட்க ஒரு தடவை திறந்திருக்கலாமே! அதற்கு யாரும் காணிக்கைச் சேவல்கூடக் கேட்கமாட்டார்கள்.